நான்காவது நர்ஸ்

அக்டோபர் 14, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை மாதமும் கால் ஆடும் மிக்ஸிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று துடைத்து எடுத்திருக்கிறேன். காரணம் என் கணவர் கோயில்பிள்ளை. நான் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறேனாம். எழுதி வைத்தால் சொன்னோமா இல்லையா என்று நானே பார்த்துக்கொள்ளலாமாம். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவருக்கு இவ்வளவு யோசனை எங்கிருந்து வருகிறதோ.

என் பெயர் டெய்சி புஷ்பம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் குழந்தைகள் ஆஸ்பத்திரி, அதில் பொது வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர். இருபது படுக்கை. டைரிக்கு என்னை அறிமுகப்படுத்த வேண்டியதில்லைதான். பஸ்ஸில் தொலைத்துவிட்டால் யாராவது கொண்டுவந்து தரட்டும்.

இன்று முதல் எட்டு மணி நேர ஷிப்ட் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம். நிர்வாக மேலாளர் தங்கதுரை சார் எங்களைக் கூட்டிவைத்து அறிவித்தார்.

"இது உங்க நன்மைக்குத்தான் சிஸ்டர். வாரத்துல நாலு நாள் வந்தாப் போதும். மூணு நாள் ஃப்ரீ. பிள்ளகுட்டியோட இருக்கலாம்லா?"

கை தட்டினோம். வார்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். பகலுக்கு நானும் இசக்கியும். இரவுக்கு வேறு இரண்டு பேர். நான் மூன்று நாள் வீட்டில் இருந்தால் இசக்கி தன்னந்தனியாக இருபது குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அவள் இருந்தால் நான். தங்கதுரை சாரிடமே போய்க் கேட்டேன்.

"லீவு எங்கயும் ஓடிப்போவாது சிஸ்டர். சேந்துக்கிட்டே இருக்கும்" என்றார்.

பகலுக்கு இன்னும் இரண்டு நர்ஸ் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன். பார்க்கலாம் என்றார். அவர் நல்ல மனிதர், எதையும் பார்க்க மாட்டேன் என்று சொன்னதில்லை.

அக்டோபர் 16, புதன்

மழை. காய்ச்சல் சீசன் தொடங்கிவிட்டது. இருபது படுக்கையில் இருபத்து மூன்று பிள்ளைகள். சின்னவர்களை இரண்டிரண்டு பேராகப் படுக்கப் போட்டிருக்கிறோம். பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் இந்த வசதி கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை. பஸ் டெப்போவுக்குள் போய் நின்ற பிறகு கண்டக்டர் தட்டி எழுப்பினார். விழித்திருப்பவர்களை எழுப்புவது அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

அக்டோபர் 19, சனி

வார்டில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். புதிது என்று சொல்ல முடியாது, எல்லா ஊரிலும் உள்ளதுதான். நான் கொஞ்சம் விரிவுபடுத்தியிருக்கிறேன். டிரிப் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதுவரை இறங்கியதும் கூப்பிடும்படி அம்மாக்களிடம் சொல்லிவிட்டேன். காய்ச்சல் பார்ப்பது, ஈரத்துணி போட்டுத் துடைப்பது, மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு ஆவி மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருப்பது எல்லாம் அவர்கள். ஊசியும் மருந்தும் மட்டும் நாங்கள்.

இதில் ஏழாம் படுக்கை முப்பிடாதி எனக்கு வலது கை. ஆலங்குளம் பக்கம், பீடி சுற்றுகிற பெண், புருஷன் திருப்பூரில். மகனுக்கு இரண்டு வயது. பெயர் தர்ஷித். சிறுநீரகக் கோளாறு, உடம்பெல்லாம் நீர் கோத்து முகம் ஊறப்போட்ட அப்பம் மாதிரி இருக்கிறது. வந்து மூன்று வாரம் ஆகிறது. மகன் தூங்கிவிட்டால் இவள் வார்டை ஒரு சுற்று வந்துவிடுவாள்.

"சிஸ்டர், பதினொண்ணாம் பெட்டுக்கு பாட்டில் முடியப் போவுது. பதினாலாம் பெட்டுப் பிள்ள வாந்தி எடுத்துட்டு, நான் தொடச்சிட்டேன். அந்தப் பிள்ளைக்க அம்மா அழுதுகிட்டு இருக்கா, அதை நீங்கதான் பாக்கணும்."

இசக்கிக்கு இருபத்து நான்கு வயது. முப்பிடாதிக்கும் அதே வயதுதான் இருக்கும். ஒருத்தி படித்து வந்தாள், ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேலை ஒன்றுதான்.

அக்டோபர் 23, புதன்

இரண்டு நர்ஸ் விஷயமாக மறுபடி போனேன். இந்தத் தடவை உறுதியான பதில் கிடைத்தது.

"அடுத்த மாசம் தரச்சான்று ஆய்வு வருது சிஸ்டர். சென்னையிலருந்து ஆள் வாராங்க. அது மட்டும் பாஸாயிட்டா, ரெண்டு என்ன, மூணு பேரே போட்டுருவோம். அது வரைக்கும் சமாளிங்க."

ஆய்வில் ஆள் போதுமா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். ஆள் போதும் என்று காட்டினால் ஆள் கிடைக்கும். எங்கேயோ இடிக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எல்லாமே எங்கேயோ இடிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

சாம்பார்ச் சட்டி பீரோவுக்குள் இருக்கிறது, நான்தான் வைத்தேன் என்கிறார் இவர். யாரோ வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

அக்டோபர் 31, தீபாவளி

கை சுட்டுக்கொண்டு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். மூன்றும் மத்தாப்பு. இசக்கி ஊருக்குப் போகவில்லை. முப்பிடாதி வீட்டிலிருந்து வந்த முறுக்கை வார்டு முழுக்கப் பங்கு வைத்தாள். உப்புப் போடாத முறுக்கு. தர்ஷித்துக்கு உப்பு ஆகாது என்பதால் மொத்தமாகவே போடாமல் சுட்டு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாரும் தின்றோம்.

நவம்பர் 5, செவ்வாய்

இரவு நர்ஸ் ஒருத்திக்கு டெங்கு. நேற்று இரவு எட்டு மணிக்கு அவளுக்குப் பதிலாக யார் நிற்பது என்ற கேள்வி வந்தது. தங்கதுரை சார் போனில் "உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். நாங்கள் இரண்டு பேர். பேசினோம்.

"நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. நான் நிக்கேன்" என்றாள் இசக்கி.

"ஏட்டி, நாளைப் பகலும் நீதான்ட்டி."

"பாத்துக்கிடலாம்க்கா. எனக்கென்ன, ஹாஸ்டல்ல போய் தனியாக் கெடக்கணும், அவ்வளவுதான்."

போய்விட்டேன். காலையில் நான் வந்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பத்து மணி வாக்கில் நான்காம் படுக்கைக் குழந்தையை எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டே தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். இசக்கி கீழே விழுந்தாள், குழந்தை அவள் மேல் விழுந்தது. விழுவதாக இருந்தால் இதுதான் சரியான வரிசை. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இசக்கிக்குக் கட்டில் கம்பி இடித்து மோவாயில் மூன்று தையல். டாக்டர் தைக்கும்போதே தூங்கிவிட்டாள்.

தங்கதுரை சார் நேரில் வந்து இடத்தைப் பார்வையிட்டார். தரை வழுக்குகிறது என்று முடிவு செய்து ரப்பர் மேட் வாங்க உத்தரவு போட்டார். மாலைக்குள் மேட் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி நினைத்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

ஒன்பதாம் படுக்கை ஊசியை எடுத்துக்கொண்டு ஆறாம் படுக்கைக்குப் போனேன். ஆறாம் படுக்கைப் பிள்ளையின் அம்மா, "காலையில போட்டாச்சே சிஸ்டர்" என்றாள். கையில் கட்டியிருக்கும் பட்டையில் பேரைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது முறை. நான் பார்க்கத்தான் போயிருப்பேன். அவள் முந்திக்கொண்டாள்.

பிறகு ஒன்பதாம் படுக்கையில் பட்டையை மூன்று தடவை படித்தேன். காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

நவம்பர் 11, திங்கள்

புதன்கிழமை ஆய்வு. ஐந்து பிள்ளைக்கு ஒரு நர்ஸ் என்று அவர்கள் பார்ப்பார்களாம். ஆகவே வார்டில் நான்கு பேர் நிற்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியும் செய்வதை நாங்களும் செய்கிறோம். எங்கள் டிரஸ்டுக்கு ஒரு நர்சிங் காலேஜ் உண்டு, அங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து யூனிபாரம் போட்டு நிறுத்துவது. போன தடவை ஒரு வேன் நிறைய வந்தார்கள். இந்தத் தடவை அங்கே பரீட்சை. என் வார்டுக்கு ஒரு முதலாண்டுப் பிள்ளைதான் கிடைக்கும் என்றார்கள். நான், இசக்கி, அந்தப் பிள்ளை. மூன்று.

"இன்னும் ஒரு ஆள் சிஸ்டர். யாராவது நின்னாப் போதும், ஒண்ணும் பேச வேண்டாம். இது பாஸானாத்தான் உங்க ரெண்டு பேரு வருவாங்க, ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்றார் தங்கதுரை சார்.

போன மாதத் தொடக்கத்தில் ராஜினாமா செய்துவிட்டுப் போன ஜான்சிராணியின் யூனிபாரம் அலமாரியில் தொங்குகிறது. பெயர் வில்லையோடு. பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பிடாதிக்குச் சரியாக இருக்கும் போலத் தோன்றியது.

கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அதுக்கென்ன சிஸ்டர், எப்பமும் செய்யத வேலதான? அந்த உடுப்பு போட்டா கேன்டீன்ல டோக்கன் குடுப்பாவளா?"

கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

நவம்பர் 13, புதன்

சென்னையிலிருந்து வந்தவர் வசுந்தரா மேடம். அறுபது வயதுக்குப் பக்கம், பருத்திப் புடவை, அமைதியான முகம். எங்கள் வார்டுக்கு மதியம் வந்தார். முதலாண்டுப் பிள்ளை பயத்தில் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஜான்சிராணியாகிய முப்பிடாதி மருந்து டிராலி பக்கத்தில் நின்றாள். தலையை இழுத்துக் கொண்டை போட்டு, ஷூவுக்குப் பதில் இசக்கியின் செருப்பு. நான் மேடத்தை அந்தப் பக்கம் விடாமல் ரப்பர் மேட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

தர்ஷித்தை எட்டாம் படுக்கை அம்மாவிடம் கொடுத்திருந்தோம். முதலில் அவன் சும்மாதான் இருந்தான். அம்மாவைப் புது உடுப்பில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்துவிட்டது. ஒரு அலறல். கையில் ஊசிக்குழாய் இருப்பதைக்கூடப் பார்க்காமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு டிராலியைப் பார்த்துப் பாய்ந்தான். எட்டாம் படுக்கை அம்மாவால் பிடிக்க முடியவில்லை. முப்பிடாதி ஓடிப்போய் வாங்கினாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தான். அழுகை பட்டென்று நின்றது.

நான் ரப்பர் மேட்டின் விலையைச் சொல்ல ஆரம்பித்தேன். வசுந்தரா மேடம் பக்கத்தில் போய் அவன் முதுகைத் தடவினார்.

"எத்தனையோ ஆஸ்பத்திரி பாத்திருக்கேன். ஒரு குழந்தை நர்ஸ்கிட்ட இப்படி ஒட்டிக்கிறதை இன்னைக்குத்தான் பாக்கறேன். இவனோட அம்மா எங்கே?"

"தண்ணி புடிக்கப் போயிருக்காவ" என்றாள் எட்டாம் படுக்கை அம்மா.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் எல்லாருக்கும்தான், வேறு காரணத்துக்காக.

ஒன்றை எழுதிவைக்க வேண்டும். வார்டில் நான்கு பேர் நின்றால் எப்படி இருக்கும் என்று இன்று பார்த்தேன். ஒருத்திக்கு ஜன்னல் துடைக்க மட்டும் தெரியும், ஒருத்தி நோயாளியின் அம்மா. அப்படியும் யாரும் யாரையும் கத்திக் கூப்பிடவில்லை. நன்றாக இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். வராந்தாவில் பலூன் கட்டியிருந்தார்கள். ஆய்வின் முடிவைச் சொல்வதற்காக எல்லாரையும் கான்பரன்ஸ் ஹாலுக்கு அழைத்து ஆளுக்கொரு சமோசா கொடுத்தார்கள். வசுந்தரா மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார். சுத்தம், நன்று. மருந்து இருப்பு, நன்று. பொது வார்டில் நர்ஸ் எண்ணிக்கை மிகவும் திருப்தி, கூடுதல் ஆள் தேவைப்படவில்லை.

தங்கதுரை சார் என் பக்கம் சாய்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளா சிஸ்டர்? இருக்க ஆளே போதும்னு எழுதிட்டாங்க."

"அப்பொ நம்ம ரெண்டு நர்ஸு சார்?"

"இனி எதுக்கு சிஸ்டர்? போதும்னு சர்டிபிகேட்டே வாங்கியாச்சுல்லா. மேலிடத்துல நான் என்னன்னு போய்க் கேக்க?"

எங்கே இடிக்கிறது என்று மூன்று வாரத்துக்கு முன்னால் யோசிக்காமல் விட்டேனே, அது இங்கேதான் இடித்திருக்கிறது. நானே ஆள் பிடித்து, நானே கொண்டை போட்டுவிட்டு, எனக்கு ஆள் வேண்டாம் என்று நிரூபித்திருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது. இசக்கி எதிர் வரிசையில் மோவாயில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை அவள் குப்புற விழுந்தால் குழந்தை கீழே இருக்கும். இதை நினைத்ததும் சமோசா உள்ளே இறங்கவில்லை.

அப்போது மேடம் ஒரு சால்வையைக் கையில் எடுத்தார். "நேத்து ஒரு சிஸ்டர் குழந்தையை வச்சிருந்தாங்களே, அவங்களைக் கூப்பிடுங்க. நான் என் கையால போடணும்."

தங்கதுரை சார் என் காதில், "யூனிபாரத்தைப் போட்டுக் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்" என்றார்.

மேலே போனேன். முப்பிடாதி நைட்டியும் தோளில் துண்டுமாக, தர்ஷித்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"இருங்க சிஸ்டர், அந்த உடுப்பை மாத்திட்டு வந்துருதேன்."

"வேண்டாம். இப்பிடியே வா."

"நைட்டியோடயா?"

"நைட்டியோடத்தான். பிள்ளையையும் எடுத்துக்கோ."

படியில் முப்பிடாதிக்கு முன்னால் வேகமாக இறங்கினேன். பயம்தான். பத்தொன்பது வருட வேலை. வீட்டுக்கடன் இருக்கிறது. வீட்டில் இவர் என்ன சொல்வார் என்று தெரியாது. ஆனாலும் நின்று யோசித்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று தெரிந்ததால் நிற்காமல் இறங்கினேன்.

ஹாலுக்குள் நுழைந்தோம். மேடம் நைட்டியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். அப்போதும் புரியவில்லை போல, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"என்ன சிஸ்டர், டியூட்டி முடிஞ்சிடுச்சா?"

"எப்பிடி மேடம் முடியும்?" என்றாள் முப்பிடாதி. "பிள்ளைக்கு டிஸ்சார்ஜ் ஆனாத்தான?"

நான் சொன்னேன். "இவ நர்ஸ் இல்ல மேடம். அந்தப் பிள்ளைக்க அம்மா."

யாரோ சமோசாத் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மேடம் என்னிடம் திரும்பினார். குரலில் கோபமில்லை.

"உங்க வார்டுல உண்மையில எத்தனை நர்ஸ்?"

"பகலுக்கு ரெண்டு பேரு மேடம். நானும் அந்தா இருக்காளே, தையல் போட்டவ, அவளும். அவ இருபத்தாறு மணி நேரம் நின்னுட்டு பிள்ளையோட கீழ விழுந்தா. நான் போன வாரம் ஒரு பிள்ளைக்க ஊசியை இன்னொரு பிள்ளைக்குப் போடப் பாத்தேன். அந்தப் பிள்ளைக்க அம்மா தடுத்தா. நான் பேரைப் பாக்கல. பாத்திருக்கவும் மாட்டேன்."

கடைசி வாக்கியம் சொல்லும் வரை எனக்கே தெரியாது.

மேடம் வாசித்த தாளை எடுத்து ஒரு வரியை அடித்தார். பிறகு சால்வையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் முப்பிடாதிக்கே போட்டார். தர்ஷித் அதன் குஞ்சத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

நவம்பர் 18, திங்கள்

பகலில் நான்கு நர்ஸ் நிற்கும் வரை சான்று கிடையாது, பத்துப் பிள்ளைக்கு மேல் சேர்க்கவும் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மேடம். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. நிறுவனத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதால் பணிநீக்கம். ஆனால் எனக்குப் பதில் ஆள் கிடைக்கும் வரை பணியில் தொடர வேண்டும். நான் இல்லாவிட்டால் வார்டு ஓடாது என்பதை நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை.

தங்கதுரை சார் கடிதத்தைக் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"ஏன் சிஸ்டர் இப்பிடிப் பண்ணிட்டிய? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"ரெண்டு வார்த்த சொன்னேன் சார். ரெண்டு நர்ஸுன்னு."

அவர் கடிதத்தின் நகலை எடுத்து ஃபைலில் வைத்தார். பாவம், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும்.

வீட்டில் சொன்னேன். இவர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "நீ சொன்னது சரிதான், கடனை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தோசை சுடப் போனார். இவருக்குத் தோசை சுட வராது. கருகினதைச் சாப்பிட்டேன்.

நவம்பர் 23, சனி

தர்ஷித்துக்கு வீக்கம் வடிந்து டிஸ்சார்ஜ். இப்போதுதான் அவனுக்கு முகம் என்று ஒன்று இருப்பது தெரிகிறது. முப்பிடாதி சாயல்.

வார்டில் ஒரு ஆள் குறைந்தது.

டிசம்பர் 2, திங்கள்

இன்று காலை மூன்று நர்ஸ் வேலையில் சேர்ந்தார்கள். என் இடத்துக்கு ஒருத்தி, சான்றுக்கு இரண்டு பேர். அவர்கள் சேர்ந்ததோடு என் வேலை முடிந்தது. சாவியைக் கொடுத்து, எந்தப் பிள்ளை எதற்கு அழும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. இசக்கி வாசல் வரை வந்தாள். என் பையை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மதியம் போன் பண்ணினாள்.

"அக்கா, இன்னைக்கு நாலு பேரும் மாறி மாறிப் போயி சாப்ட்டோம்க்கா. உக்காந்து."

"உக்காந்தா?"

"ஆமாக்கா. சோறு தீந்த பெறவும் அஞ்சு நிமிசம் சும்மா இருந்தேன். யாரும் கூப்புடல. எனக்கு என்ன செய்யன்னே தெரியல."

போனை வைத்துவிட்டு அழுதேன். சத்தமாகத்தான். இவர் லீவு போட்டு வீட்டில் இருந்தார், பதறிப்போய் ஓடி வந்தார். இரண்டு நர்ஸ் வந்துவிட்டார்கள் என்றேன். கேட்டது கிடைத்ததற்கா அழுகிறாய் என்றார். ஆமாம், நான்கு பேர் இருக்கிற வார்டில் ஒரு நாளாவது வேலை பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது என்றேன்.